பதினொரு கோழிகளைத் தின்றவர்கள்

போன மாதம் என் மகள் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் கிளம்பினாள். ஊருக்கு வெளியே, சந்தாபுரா தாண்டி வீடு கட்டியிருக்கிறாள். பின்பக்கம் நாலு கோழி வளர்க்கிறாள். தான் இல்லாத நாட்களில் அவற்றைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். செய்துவிட்டு, கோழிக்கூட்டின் மூலையில் ஒரு கேமராவையும் மாட்டினாள்.

"எதுக்குடி இது?" என்றேன்.

"சேஃப்டிக்குதாம்மா. இப்போல்லாம் யாரை நம்ப முடியுது?"

அந்தப் பெண் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், தீவன டப்பாவைக் கையில் பிடித்தபடி. அவள் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்திவிட்டேன். மகள் பயந்துபோய், "பிபி மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டாள்.

நம் வயசுக்காரர்களுக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். நமக்குக் கோபம் வந்தால் காரணத்தைத் தேட மாட்டார்கள், மாத்திரையைத் தேடுவார்கள். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக என் வயிற்றில் எரிகிற அடுப்பு இது. அவிந்துவிட்டது என்று நானும் சில சமயம் நினைத்ததுண்டு. அவியவில்லை.

அப்போது நாங்கள் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பங்களாவின் அவுட்ஹவுஸில் இருந்தோம். ஒரே அறை, ஓடு வேய்ந்தது, சமையலும் அதற்குள்ளேயே. பங்களா ஒரு டீச்சரம்மாவுடையது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெயிலில் இறங்கினால் வைக்கோல் தொப்பி போட்டுக்கொள்வார். அம்மா அவர் வீட்டில் பெருக்குவது, துவைப்பது, அரைப்பது எல்லாம் செய்தாள். அதற்குப் பதிலாக அந்த அறையில் இருந்தோம். அப்பா ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவர். வீட்டுக்கு வரும்போது அவர் கை முடியெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

டீச்சரம்மா என் அம்மாவை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. டீச்சரம்மாவுக்கு அறுபது. இதில் யார் ஆயா என்று நான் ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "சும்னிரு" என்றாள். கன்னடத்தில் வாயை மூடச் சொல்வது அம்மாவுக்கு வழக்கம். அந்த மொழியில் சொன்னால் அதிகம் வலிக்காது என்று நினைத்தாளோ என்னவோ.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நான் படித்த பெண்கள் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்ததே அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான். பழைய சில்க் புடவையைக் கிழித்து எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் உண்மை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நானும் அவரைப் போலவே ஆகிவிடுவேன்.

பழைய கார் ஷெட்டைக் கம்பி வலை அடித்துக் கோழிக்கூடாக மாற்றியிருந்தார். பன்னிரண்டு கோழிகள், எல்லாம் வெள்ளை லெகான். காலில் கலர் கலராகப் பிளாஸ்டிக் வளையம். காலையில் கதவைத் திறந்தால் தவிடும் ஈர வைக்கோலும் கலந்த ஒரு வெதுவெதுப்பான வாசனை முகத்தில் வந்து மோதும். நீல விளிம்பு வைத்த எனாமல் பேசினில் தண்ணீர் வைப்போம். குடித்துவிட்டு ஒவ்வொன்றும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் பள்ளிக்கு நேரமாக்குவேன். கோழிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது டீச்சரம்மாவின் சட்டம். நான் பெயர் வைக்கவில்லை. சிவப்பு வளையம் போட்டிருந்தது மட்டும் என் உள்ளங்கையில் கொத்தித் தின்னும். அதை மனசுக்குள் "சிவப்பி" என்று கூப்பிட்டுக்கொள்வேன்.

உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி வைப்பேன். சோப்புத் தண்ணீரில் அலசி, ஓட்டின் மேல் காயவைத்து, ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. வெள்ளையாக, மெத்தென்று, எனக்கே எனக்கென்று இருந்தன.

அந்த வருஷம் மாசியில் ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார். கோழிக்குத் தடுப்பூசி போடுகிறவர். கேட்டருகே நான் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன்.

"கோடைக்கு முன்னாடி போட்டுடுங்கம்மா. சீக்கு வந்தா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

டீச்சரம்மா சிரித்தார். "என் கோழிங்க தெருவுல மேயற கோழிங்க இல்லப்பா. அதுங்களுக்கு ஒரு சீக்கும் வராது."

அவர் பிளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போது அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஊசியில்லை என்று கோழிகளுக்காகச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

மே மாதம் மெட்ராஸில் தம்பி மகனுக்குக் கல்யாணம் என்று டீச்சரம்மா கிளம்பினார். மூன்று வாரம் இருக்க மாட்டார். கிளம்புகிற அன்று அம்மாவை ஷெட்டுக்கு அழைத்துப்போய், ஒரு முழுத் தாளில் எழுதி வைத்திருந்ததை நின்றுகொண்டே படித்தார். காலையில் தவிடு. பத்து மணிக்குக் கீரைத்தண்டு, பொடியாக நறுக்கி. பேசினை நாளுக்கு இரண்டு முறை கழுவ வேண்டும். இருட்டுவதற்கு முன் கதவைச் சாத்த வேண்டும். முட்டைகளைத் தவிட்டுப் பானையில் அடுக்க வேண்டும். "நொறுங்கினதை மட்டும் நீங்க எடுத்துக்கலாம்."

முட்டை நொறுங்கட்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஆயா, நான் வர்ற வரைக்கும் இதுங்க உன் பொறுப்பு. ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும்."

"என் புள்ளை மாதிரி பாத்துக்கிறேம்மா" என்றாள் அம்மா.

அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். அந்தத் தாளைக் கூட்டுக் கதவில் ஒட்டி, நான் தினமும் படித்துக் காட்ட, ஒவ்வொன்றாகச் செய்தாள். பேக்கரியிலிருந்து அப்பா கொண்டுவரும் ரொட்டி ஓரங்களில் பாதி கோழிகளுக்குப் போனது. பங்களா மூடிக் கிடந்தது. மே ப்ளவர் மரம் பூத்து வாசலெல்லாம் சிவப்பாக உதிர்ந்திருந்தது. அந்த ஒரு வாரம் அந்தத் தோட்டம் முழுக்க எங்களுடையது போல இருந்தது. அம்மா ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். அவள் பகலில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஒரு கோழி மூலையில் குந்தியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கழிவது வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று தள்ளாடிக்கொண்டிருந்தது.

அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்து, "ஏனம்மா, கோளிகூ டிக்கெட் கொட்லா?" என்றார், கோழிக்கும் டிக்கெட் போடவா என்று. பஸ்ஸே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "உஷாரில்லா அண்ணா, ஆஸ்பத்ரிகெ" என்றாள். உடம்பு சரியில்லை என்று அவள் சொன்ன விதத்தைக் கேட்டு, கண்டக்டர் எங்களுக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் கோழியின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், வாலடியைப் பார்த்தார்.

"இது கொக்கரெ ரோகம்மா. தமிழ்ல வெள்ளைக் கழிச்சல்னு சொல்வாங்க. ஊசி போட்டீங்களா?"

"இல்லீங்க."

"முன்னாலயே போட்டிருக்கணும். வந்துட்டா மருந்து கிடையாது. நல்லா இருக்கிறதைத் தனியா வைங்க. செத்தா ஆழமாத் தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைச்சுடுங்க. யாரும் தின்னக் கூடாது."

இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்று கேட்டிருப்பேன், முத்திரையும் குத்தி வாங்கியிருப்பேன். சாட்சி சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் தப்பு செய்தவனுக்குத்தான் வரும். எங்களுக்கு வரவில்லை.

கூடையிலிருந்தது திரும்பி வரும் வழியிலேயே செத்துவிட்டது. அடுத்த ஐந்தாறு நாட்கள் எப்படிப் போயின என்று இப்போதும் சரியாகச் சொல்ல வராது. அம்மா மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கரைத்து ஒவ்வொன்றின் அலகையும் பிரித்து ஊற்றினாள். சாக்கை வெயிலில் காயவைத்துப் போர்த்தினாள். பினாயில் போட்டுக் கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் உரிந்து வந்தன. சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது, தலை முதுகுப் பக்கம் திரும்பி வானத்தையே பார்த்தது. சிவப்பி நான்காவதாகச் செத்தது. அதன் தலை என் உள்ளங்கையில்தான் இருந்தது. தீனி இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை கொத்தியது.

பப்பாளி மரத்தடியில் அப்பா குழி வெட்டினார். வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை மேலே கொட்டினோம். பக்கத்து ஜீவனஹள்ளியிலிருந்து ஒருவன் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டான்: "செத்ததா இருந்தாலும் பரவால்லக்கா, குடு. எங்கூட்ல மசாலா போட்டா ஒண்ணும் ஆவாது."

"போறியா இல்லையா?" என்று அம்மா மண்வெட்டியைத் தூக்கினாள். "அது என் கோழியா, உனக்குக் குடுக்க?"

நாங்கள் கறி தின்று எத்தனை நாளாகியிருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கே தெரியும்.

மூன்று செத்தவுடனே, "டீச்சரம்மாவுக்குச் சொல்லணும்" என்றாள் அம்மா. "கல்யாண வூட்ல எதுக்கு இந்தச் சேதி?" என்றார் அப்பா. அம்மா விடவில்லை. தாளின் அடியில் மெட்ராஸ் முகவரி இருந்தது. நான்தான் கார்டு எழுதினேன். கோழிகளுக்கு வியாதி வந்திருக்கிறது, மூன்று இறந்துவிட்டன, ஆஸ்பத்திரியில் காட்டினோம், மருந்து இல்லை என்கிறார்கள், உடனே பதில் போடவும். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது என்று எனக்குப் பெருமை. பதில் வரவில்லை.

பதினொன்று செத்தன. ஒன்று மட்டும் பிழைத்தது, கழுத்துக் கோணிப்போய். கொத்த நினைக்கும் இடத்தில் கொத்த முடியாமல் பக்கத்தில் தரையைக் கொத்தும். அம்மா ஒவ்வொரு வாயாக ஊட்டினாள்.

டீச்சரம்மா டாக்ஸியில் வந்து இறங்கினார். கையில் எங்களுக்கென்று கல்யாண லட்டுப் பொட்டலம். ஷெட்டுக்குள் பார்த்தார். பொட்டலத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்தக் கை பின்னால் போனதை நான் பார்த்தேன். அவர் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அது போய்விட்டது.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"கார்டு வந்தது" என்றார் டீச்சரம்மா. "என் தம்பி அப்பவே சொன்னான், இது முன்னேற்பாடுன்னு. இன்னைக்கு மூணும்பாங்க, நாளைக்கு ஆறும்பாங்கன்னு. நான்தான் நம்பலை."

"ஐயோ, நெசமாத்தாம்மா."

"பன்னெண்டுல பதினொண்ணு செத்துப்போகுமா? ஒண்ணே ஒண்ணை விட்டுவெச்சிருக்கீங்க, எனக்குக் காட்டறதுக்கு."

"அதோட கழுத்தைப் பாருங்கம்மா. சீக்கு வந்து பொழைச்சது அது."

டீச்சரம்மா அந்தக் கழுத்தைப் பார்த்தார். "திருகப் பாத்திருக்கீங்க. தப்பிச்சிடுச்சு" என்றார்.

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சேதி சொன்னால் முன்னேற்பாடு. பிழைத்த கோழியைக் காட்டினால் கொலை முயற்சி. நாங்கள் எதை எடுத்து நீட்டினாலும் அது அவர் கைக்குப் போகும்போது எங்களுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது.

அம்மா கண்ணைத் துடைத்தாள். குரல் மாறியது. "மாசி மாசம் ஊசிக்காரர் வந்தாரும்மா. நீங்கதான் வேணாம்னு அனுப்பினீங்க. இந்தப் பொண்ணு அங்கதான் நின்னுச்சு."

டீச்சரம்மாவின் முகம் சிவந்தது. அதுவரை நடந்தது விசாரணை. அதற்குப் பிறகு நடந்தது வேறு. விறுவிறுவென்று எங்கள் அறைக்குப் போனார். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதற்குள் அவர் வந்ததில்லை. குனிந்து நுழைந்தார், பானைகளைத் திறந்தார், கட்டிலுக்கடியில் கையை விட்டார். செருப்புப் பெட்டி வந்தது. மூடியைத் திறந்தார்.

வெள்ளை இறகுகள், வரிசை வரிசையாக.

"இது என்ன?"

"அது புள்ளை பொறுக்கி வெச்சதும்மா, ரெண்டு வருசமா" என்றாள் அம்மா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடையதுதான், உதிர்ந்தவைதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேசிவிட்டேன் பிறகு. பேச வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் பேசவில்லை.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றிருந்தார், கையில் மாவு காய்ந்துபோய். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"ஆமாம்மா. தப்புப் பண்ணிட்டோம். சாப்ட்டுட்டோம். புள்ளை இருக்கிற வூடு. மன்னிச்சுடுங்க."

அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. சுடுசட்டி பட்டால் வருமே, அந்தச் சத்தம்.

டீச்சரம்மாவைப் பார்க்க வேண்டுமே! முகமெல்லாம் இளகிவிட்டது. கண்ணில் நீர்கூட வந்தது. "இவ்வளவுதான் எனக்கு வேணும். உண்மையை ஒத்துக்கிட்டியே, அது போதும். நான் மன்னிச்சுட்டேன்" என்றார். லட்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். தூக்கி எறியத் தெரியவில்லை. பத்து வயது.

அப்பாவை நான் ரொம்ப காலம் கோழை என்றே நினைத்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தலைக்கு மேல் இருந்த ஓடு, பள்ளியில் எனக்கிருந்த இடம், இரண்டும் அந்த அம்மாவின் கையில் இருந்தன. தின்றதாகச் சொன்னால் ஒரு திட்டோடு போய்விடும் என்று நினைத்திருப்பார். புரிகிறது. ஆனால் அவர் கொடுத்தது அவருடைய மானம் மட்டுமில்லையே. விரல் உரிய உரியப் பார்த்துக்கொண்டவள் அம்மா. அவளைக் கேட்காமல் அவளுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அவர் போய் இத்தனை வருஷம் ஆகியும்.

அம்மா மண்வெட்டியை எடுத்தாள். நேராகப் பப்பாளி மரத்தடிக்குப் போனாள். முன்தினம் மழை பெய்து மண் இளகியிருந்தது. வெட்டினாள். நாலைந்து வெட்டிலேயே நாற்றம் கிளம்பிவிட்டது. சுண்ணாம்பும் சேறும் அப்பிய வெள்ளை இறக்கை ஒன்று வெளியே தெரிந்தது.

"ஆயா, நிறுத்து!" என்று டீச்சரம்மா படியில் நின்று கத்தினார். "நான்தான் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே!"

"மன்னிப்பு வேணாம்மா. வந்து பாருங்க. ஒரே ஒரு தரம் குனிஞ்சு பாருங்க. பதினொண்ணும் இங்கதான் இருக்குது. எண்ணிக்கங்க."

டீச்சரம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். பத்தடி தூரம்தான் இருக்கும். வரவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். தாழ் விழுந்த சத்தம் தோட்டம் வரை கேட்டது. அம்மா திறந்ததை எல்லாம் மறுபடி மூடினாள்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைப்பாள், பேச மாட்டாள். பங்களா வேலைக்குப் போனாள், அங்கேயும் பேச மாட்டாள். டீச்சரம்மா மட்டும் முன்னைவிட இனிமையாகப் பேசினார். மன்னித்தவர் அல்லவா?

ஜூனில் பள்ளி திறந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்ததால் எங்களை ஹாலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். புது வருஷத்துக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல டீச்சரம்மாவைத்தான் அழைத்திருந்தார்கள். உண்மை பேசுவதைப் பற்றிப் பேசினார். ஒரு கதை சொல்கிறேன் என்றார்.

"ஒருவர் தன் வீட்டுக் கோழிகளை ஓர் ஏழைக் குடும்பத்தை நம்பி விட்டுவிட்டு வெளியூர் போனார். அவர்கள் பதினொரு கோழிகளைத் தின்றுவிட்டார்கள். ஆனால், பிள்ளைகளே, அந்த ஏழை மனிதன் கடைசியில் கைகூப்பி உண்மையை ஒப்புக்கொண்டான். அந்த ஒரு நொடியில் அவன் உயர்ந்துவிட்டான்."

பெயர் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? யார் அவுட்ஹவுஸிலிருந்து வருகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். முன்வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. அப்புறம் அத்தனையும் திரும்பின.

நான் எழுந்து நின்றேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை, கால் தானாக நின்றது.

"நாங்க தின்னல மிஸ். அதுங்க சீக்கு வந்து செத்துப்போச்சு. எங்கம்மா தோண்டிக் காட்டுனாங்க. நீங்கதான் பாக்க மாட்டேன்னு உள்ள போயிட்டீங்க."

டீச்சரம்மா கோபப்படவில்லை. வருத்தமாகச் சிரித்தார். "பாவம், குழந்தை. வீட்டில் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது" என்றார். என்னைக் கடைசி மணி அடிக்கும் வரை வராந்தாவில் நிற்க வைத்தார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசியதற்காக.

சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னேன். சொல்லும்போது அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பாதியில் கையைக் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார். பங்களாவின் முன்வாசலுக்குப் போனார். நாங்கள் பின்வாசலுக்குத்தான் போவது வழக்கம். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது பொய். நாங்க சாப்புடல. என் சம்சாரம் மேல எந்தத் தப்பும் இல்ல. பயந்துக்கினு சொல்லிட்டேன்."

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாருப்பா. அன்னைக்கு ஒரு நாள் நீ உண்மை பேசினே. அதை நான் எத்தனை பேருகிட்ட உயர்வாச் சொல்லியிருக்கேன் தெரியுமா? இப்போ எதுக்கு மறுபடியும் பொய்யில போய் விழறே?"

அப்பா தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய்யை அந்த அம்மா சத்தியமாக எடுத்துக்கொண்டு, சத்தியத்தைச் சொன்னபோது பொய் என்கிறார். கடைசியில் அப்பா, "வூட்டைக் காலி பண்ணிக்கிறோம்மா" என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

அந்த வாரமே ஒரு தள்ளுவண்டியில் எல்லாம் அடங்கிவிட்டது. செருப்புப் பெட்டியை நான் எடுக்கவில்லை. ஜீவனஹள்ளியில் வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய், அதில் ஒரு அறை எங்களுக்கு. என்னை கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேயும் படித்தேன், படிப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டீச்சரம்மா பல வருஷம் நன்றாக வாழ்ந்தார். அவர் செத்தபோது அவருடைய பெருந்தன்மையைப் பற்றி நிறையப் பேர் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். பதினொரு கோழிக் கதையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். "இன்னுமா அதை நெனச்சுக்கினு இருக்கே?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் ஒருத்தி மறந்துவிட்டால், அவர் சொன்ன கதை மட்டும்தானே மிஞ்சும்?

புது வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போய்விட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேண்டில்பாரில் கால் கட்டிய ஒரு நாட்டுக்கோழி தலைகீழாகத் தொங்கியது. கறுப்பும் சிவப்புமாக, கொழுத்த கோழி. முழுக் கோழி எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல்முறை. அப்பா அதை அம்மா முன்னால் நீட்டினார். அம்மா கோழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

மிளகும் தேங்காயும் அம்மியில் அரைத்தாள். வாசனை ஆறு வீட்டுக்கும் போனது. குழாயடியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்து வைத்தாள்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். அம்மா முதலில் அப்பாவுக்கு வைத்தாள். ஈரலை எடுத்து என் தட்டில் போட்டாள். அப்புறம் தனக்கும் வைத்துக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல யாராவது கோழி தின்னியான்னு கேட்டா, தின்னேன்னு சொல்லு. தைரியமாச் சொல்லு. இது நம்முது."

அப்பா தலை நிமிராமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு துண்டு கேட்டேன். அம்மா போட்டாள்.